மிதித்த புல்

ஆர்ச்சி மெல்ட்ரம் கோல்ஃப் பந்தயத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தவன். மூன்றாவது வருடமும் ஜெயித்தால் வெள்ளிக் கொக்கி போட்ட சிவப்புத் தோல் பெல்ட் வீட்டோடு தங்கிவிடும். அவன் மனைவி எஃபி அதற்காகச் சுவரில் கடிகாரத்தைக்கூட நகர்த்தி வைத்துவிட்டாள்.

சாம்பியன் என்பது வருடத்தில் ஒரு நாள் உத்தியோகம். மற்ற நாட்களில் அதே மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்காரன் அவன்தான். கிளப் கனவான்கள் மட்டையால் பெயர்த்துப் போடும் புல்லை எடுத்து வைத்து, பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போவது அவன் பிழைப்பு.

போட்டியன்று கடைசிக் குழியை நோக்கி ஆடும்போது அவன் பந்துக்குப் பின்னாலேயே ஒரு துண்டுப் புல் பெயர்ந்து கிடந்தது. ஆர்ச்சி அதை மிதித்து அமுக்கினான். பிறகு பந்தை அடித்தான். அற்புதமான அடி; பந்து நேராகக் குழியில் விழுந்தது. ஏற்கெனவே ஆடி முடித்திருந்த நினியன் கிரேயைவிட ஓர் அடி குறைவாக அடித்து முந்திவிட்டான்.

கணக்கு வைத்திருந்த கர்னல், "பெல்ட் உன்னோடதுப்பா!" என்றார்.

"ரெண்டு அடி அபராதம் சேத்துக்குங்கய்யா. பந்துக்குப் பின்னால புல்லை மிதிச்சிட்டேன், அடிக்கிறதுக்கு முன்னால அது கூடாதுல்ல."

"நான் பைப்பைப் பத்த வச்சிக்கிட்டிருந்தேன். யாருமே பாக்கலையேப்பா!"

"மிதிக்கும்போது நானும்தான் பாக்கல. அடிச்சப்புறம்தான் உறைச்சுது."

பெல்ட் நினியனுக்குப் போனது. கனவான்கள் ஆர்ச்சியின் நேர்மையை வெகுவாகப் பாராட்டினார்கள். காசுக்கு ஆடும் ஆட்டக்காரர்களைக் கிளப்புக்குள் விடும் வழக்கம் இல்லாததால் ஜன்னல் வழியாகப் பாராட்டினார்கள். இன்னும் பல இடங்களில் புல் பெயர்ந்திருப்பதையும் கையோடு சொல்லி அனுப்பினார்கள்.

அன்று இரவு எஃபி கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல ஊர்ப் பெண்களோடு அவளும் துணி உலர்த்த மைதானத்துக்கு வந்தாள். ஈரத் துணிக் கூடையை முட்செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நேராக அவனிடம் போனாள்.

"எந்த இடம்யா?"

காட்டினான்.

"புல்லு வேர் பிடிச்சிருக்கா?"

"இன்னும் சரியா ஒட்டல."

எஃபி பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு மிதிச்சா அபராதம் இல்லையே?"

"இல்ல."

குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.