கெட்டிமேளத்துக்கு ஓடி வந்தவர்கள்

தம்புசாமிக்கு யாரையும் லேசில் நம்பாத புத்தி. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவரை ஹோம் கார்டு என்ற ஊர்க்காவல் படைக்குத் தலைவராக்கிய பிறகு அது இன்னும் முற்றிப்போனது.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலாவது வருஷம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எப்போது இறங்கி வந்து சுடுவார்களோ என்று ஊரே பயந்து கிடந்தது. அதனால் மலாய்க்காரர் கிராமமான கம்பமும், முள்வேலி போட்ட சீனர் புதுக்கிராமமும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயமும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. கம்பத்தில் தட்டி ஒலியெழுப்பும் மரக்கட்டை, சீனர்களிடம் சேகண்டி, தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மேளம். எது விடாமல் ஒலித்தாலும் மற்ற இரண்டு ஊரும் ஓடி வரவேண்டும்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கனகரட்ணத்துக்கு இதில் ஒரே பெருமை. பேப்பரைத் தட்டிக் காட்டுவார். "கொரியாவிலை பதினாறு நாட்டுப் பட்டாளம் ஒண்டா நிக்குது. இனி ஆசியாவிலை தனிச்சு நிண்டு ஒருத்தரும் தப்பேலாது, தம்புசாமி."

"பதினாறு நாடு வரும்லா, கிராணி ஐயா. பக்கத்து ஊர்க்காரன் வருவானா? அதச் சொல்லுங்க."

கேட்டவரின் லட்சணம் சீனப் பெருநாள் முடிந்த நாலாம் நாளே தெரிந்துவிட்டது. சாயங்காலம் சேகண்டி விடாமல் ஒலித்தது. "சிங்க ஆட்டம் ஆடுறானுங்கலா" என்று சொல்லிவிட்டு, தம்புசாமி ஆற அமரத் தேத்தண்ணி குடித்தார். எரிந்தது புதுக்கிராமத்து ஆ சோங்கின் மளிகைக் கடை. கம்பத்து ஆட்கள் போய்த்தான் தீயை அணைத்தார்கள். தோட்டத்திலிருந்து ஒரு ஈ காக்கை போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஆ சோங் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அதுதான் தம்புசாமியை அறுத்தது. நமக்கு ஒன்று என்றால் இனி யார் வருவார்கள் என்ற பயம் அவர் நெஞ்சில் குந்திக்கொண்டது.

வைகாசியில் மகள் குஞ்சம்மாவுக்குக் கல்யாணம். கோயில் வாசலில் பந்தல். மாப்பிள்ளை பாச்சாங்கிலிருந்து வந்த சேகரன். தாலி எடுத்ததும் தம்புசாமி தொண்டை கிழியக் கத்தினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

கோயில் மேளக்காரன் வீரமுத்து மேளத்தைப் பிளந்து கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆசீர்வாதம் முடிந்து பந்திக்கு இலை போடும்போது வேலிப் பக்கம் ஒரே கூச்சல்.

முதலில் வந்தது ஆ சோங். ஒரு காலில் செருப்பில்லை, கையில் ஈட்டி, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தப் பக்கம் கம்பத்து ஹாஜி ஓஸ்மான் துப்பாக்கியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் அலறினார்கள். மாப்பிள்ளை மணவறைக்குப் பின்னால் ஒளிந்தே விட்டான்!

கனகரட்ணத்துக்குத்தான் முதலில் உறைத்தது. "ஐயோ, கெட்டிமேளமும் விடாமல் அடிக்கிறதெல்லோ!"

தம்புசாமிக்கு உயிரே போய்விட்டது. இந்த ஏமாற்றத்தோடு ஏற்பாடும் முடிந்தது, இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார். ஆ சோங்கின் முன்னால் போய்க் கைகூப்பினார். தெரிந்த மலாயில் உடைத்துச் சொன்னார். "ஆபத்து இல்ல. கல்யாணம். அன்னிக்கு உன் கடை எரிஞ்சப்ப நான் வரல. சேகண்டி கேட்டுச்சு. கேட்டும் வரல."

"தெரியும்" என்றான் ஆ சோங். மூச்சு இன்னும் வாங்கியது. "அன்னிக்கு நான் இந்தப் பாதையையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்படி நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் ஓடி வந்தேன்."

தம்புசாமி வாய்விட்டு அழுதார். ஹாஜி துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, "தா ஆப்பா, பரவாயில்லை தம்பு. பொண்ணு எங்கே? வாழ்த்திட்டுப் போறோம்" என்றார். மூன்று ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது. ஆ சோங்கின் இலையில் தம்புசாமியே பரிமாறினார். பாயசத்தை விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சேகண்டி மறுபடி ஒலித்தது. "சாமி கும்பிடு, கூத்தாத்தான் இருக்கும்" என்றார் கனகரட்ணம். தம்புசாமி காதில் வாங்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஒரு மைல் தூரம் ஓடினார். போய்ப் பார்த்தால் சாமிக்கு நடக்கும் சீனக் கூத்தேதான்.

முன்வரிசைப் பெஞ்சில் ஆ சோங் நகர்ந்து இடம் விட்டான். "வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேன்லா" என்றார் தம்புசாமி.