வழியனுப்பும் பக்கம்

அந்தச் சனிக்கிழமை காலை கணினி அறைக் கதவைத் திறந்ததுமே மார்லாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கம்பளிக் கோட்டுகளும் பூட்ஸ்களிலிருந்து உருகி வழிந்த பனியும் போதாதென்று, முந்தின நாள் வகுப்புக்காரன் எவனோ பாதி தின்ற மீன் சாண்ட்விச்சைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஏரிக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் ஏப்ரல் வரை இந்தக் கல்லூரியில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஹீட்டர் அந்த வாடையை நன்றாக வேகவைத்து அறை முழுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தது. கிரெக் மட்டும் மூக்கே இல்லாதவன் போல மேஜை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். 'சார் எல்லாம் வேண்டாம், கிரெக்னே கூப்பிடுங்க' என்று முதல் நாளே சொன்ன ஆசிரியன் அவன். கூப்பிடுவதற்கு வேறு சில பெயர்களும் மார்லாவின் மனதில் இருந்தன.

ஐம்பதை நெருங்கும் வயதில் இணைய வடிவமைப்பில் உயர்நிலை வகுப்பு என்று இருபது வயதுப் பிள்ளைகளோடு வந்து உட்கார அவளுக்கு ஒன்றும் ஆசை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவள். சாவு வீட்டு அட்டைகளும் ஹோட்டல் மெனுக்களும் அச்சுக் கோத்தவள். அச்சகம் மூடிய பிறகு சூப்பர் மார்க்கெட்டில் பிறந்தநாள் கேக்குகளின் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறாள். அரைநாள் வேலை, இன்சூரன்ஸ் கிடையாது. அவள் கணவன் லாய்டு, அறுபதைத் தொட்டவன், வெல்டராக இருந்தவன், சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. கிளீவ்லாண்டில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்தால் நிமிர்ந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்டு, இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார். அந்தக் கைகுலுக்கலில் ஆரம்பித்ததுதான் இந்த வகுப்பு.

பருவத்தின் முதல் வகுப்பிலேயே, நிஜமான ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பதாக கிரெக் பெருமையடித்தான். மூட்டுவலி மாத்திரை விற்கிற கம்பெனி. ஒருமுறை வாங்கிவிட்டால் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கு வரும், பணம் வங்கியிலிருந்து தானாகப் போகும். வாங்குகிறவர்கள் எல்லோரும் வயசானவர்கள். மாத்திரை போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்று வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் செய்து தர வேண்டும். அதற்கு கிரெக் வைத்த பெயர் வழியனுப்பும் பக்கம். என்ன நாசூக்கான பெயர்! வாசலில் நின்று சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பதற்குப் பெயர் வழியனுப்புதலாம்.

"யாரையும் ஏமாத்தச் சொல்லலை. கதவு இருக்கணும், சட்டம் இருக்கு. ஆனா கொஞ்சம் தேடட்டுமே, என்ன இப்போ?" என்றான் கிரெக். யாருடைய பக்கம் அதிகம் பேரை நிறுத்தி வைக்கிறதோ அவர்களுக்குக் கம்பெனியில் வேலை. முழு நேரம், குடும்பத்துக்கே இன்சூரன்ஸ்.

மார்லாவுக்கு வாயெல்லாம் கசந்தது. அடுத்த இருக்கை காலெப், தலையில் குல்லா மாட்டிய பையன், அழுகிற நாய்க்குட்டி ஒன்றின் படத்தைப் போட்டு 'எங்களை விட்டுப் போகாதீங்க' என்று எழுதியிருந்தான். த்தூ என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அந்த அருவருப்போடேயே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாள். நாய்க்குட்டியெல்லாம் வைக்கவில்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவே பெரிதாகப் பச்சைப் பொத்தான், 'தொடர்கிறேன்' என்று. நிறுத்துவதற்கான வரி அதற்கு வெகு கீழே, சின்னதாக, சாம்பல் நிறத்தில். அது எந்தச் சாம்பல் என்று அவளுக்குத் தெரியும். சாவு அட்டைகளின் அடியில் அச்சகத்தின் பெயரைப் போடுகிற சாம்பல். இத்தனை வருஷத்தில் அதை வாசித்த ஒரு ஆளை அவள் பார்த்ததில்லை.

அப்படியும் ஒருவன் தேடிக் கண்டுபிடித்துவிட்டால்? அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தாள். நிறுத்துகிறவன் அமுக்க வேண்டிய அந்த வரியை இப்படி எழுதினாள்: 'பரவாயில்லை, என் வீட்டாருக்கு நான் பாரமாகவே இருந்துகொள்கிறேன்.' எங்கிருந்து வந்தது அந்த வரி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் காலை லாய்டின் காலுக்குச் சாக்ஸ் மாட்டிவிடும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உனக்குப் பாரமாவே ஆயிட்டேன் இல்ல?" என்றான். "சும்மா இரு, காலை நீட்டு" என்றாள். அன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தாள். எழுதி முடித்துப் பார்த்தபோது, வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்தச் சனிக்கிழமை சோதனை நாள். வெளியாட்களை, அதுவும் வயசானவர்களை, ஒவ்வொருவராகப் பக்கத்து அறையில் கணினி முன் உட்கார வைத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். மனதில் தோன்றுவதையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் முகமும் திரையும் இந்த அறைச் சுவரில் தெரியும். வகுப்பு பார்த்துக் குறிப்பெடுக்கும். ஒரே ஒரு விதி, யாரும் உதவி செய்யக் கூடாது. தடுமாறினாலும், தப்பாக அமுக்கினாலும், அழுதாலும் வாயைத் திறக்கக் கூடாது. உதவினால் அந்தச் சோதனை செல்லாது, செய்தவருக்கு மதிப்பெண்ணும் கிடையாது.

மற்றவர்களின் பக்கங்கள் முடிந்து மார்லாவுடையது மட்டும் மீதி இருந்தபோது, அதற்கு வர வேண்டிய அம்மாள், தன் கார் பனியில் புதைந்துவிட்டது என்று போன் செய்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வகுப்பு முடியற வரைக்கும் கீழ லைப்ரரியிலதான உக்காந்திருக்கார்? அவரையே கூப்பிடலாமே" என்றான் கிரெக்.

"அவர் வேண்டாம்."

"ஏன்? வயசு சரியா இருக்கு. கம்பெனிக்காரங்க வேற நேரலையில பாத்துட்டு இருக்காங்க."

ஏன் என்று சொன்னால் அந்த வரி யாருடையது என்று சொல்ல வேண்டும். அதற்குள் கிரெக் போனை எடுத்துவிட்டான்.

சுவரில் லாய்டின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. சவரம் செய்யாத தாடை, மூக்கில் உடைந்த சிவப்பு நரம்புகள். படிக்கிற கண்ணாடியை வழக்கம்போல வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இது யார் செய்த பக்கம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"சரி, மாத்திரையை நிறுத்தணும். எங்க இருக்கு... இதா? இல்லை, இது இல்லை. 'உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை.' அட, நல்ல மனுஷங்கதான் போல!"

வகுப்பு சிரித்தது. "பெருசு விழுந்துட்டார்டா" என்றான் காலெப், கிரெக் வகுப்புக்கு வரவழைத்திருந்த பீட்சா வாய் நிறைய. எண்ணெய் அவன் மோவாயில் வழிந்தது. மார்லா அவனைப் பார்த்தாள். அறைந்தால் கையில் அந்த எண்ணெய் ஒட்டும் என்று தோன்றியது.

சுவரில் லாய்டு முன்னால் சாய்ந்தான். முதுகு வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்தான். மூக்கு திரையைத் தொடுகிற அளவுக்கு வந்தது.

"இரு இரு, கீழ ஏதோ இருக்கு. என்ன எழவு நிறம்டா இது... 'பரவாயில்லை, என் வீட்டாருக்கு... நான் பாரமாகவே...'"

மீதியை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்கள் மட்டும் நகர்ந்து வரியின் கடைசிக்குப் போயின. திரும்பவும் முதலிலிருந்து படித்தன. அம்புக்குறி அந்த வரியின் மேல் அசையாமல் நின்றது. மார்லா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை கதவின் பிடியில் இருந்தது. கதவைத் திறந்து, லாய்டு, அமுக்கு, அது வெறும் எழுத்து என்று சொன்னால் போதும். பிடி சில்லென்று இருந்தது. அவள் திருகவில்லை.

அம்புக்குறி மெல்ல மேலேறிப் பச்சைப் பொத்தானில் போய் உட்கார்ந்தது.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான் லாய்டு.

வகுப்பு கை தட்டியது. கிரெக் மேஜையிலிருந்து குதித்தே விட்டான். "பாத்தீங்களா? கண்டுபிடிச்சார். கண்டுபிடிச்சும் அமுக்கலை! எல்லாரும் மறைக்கத்தான் பாத்தீங்க. மார்லா மட்டும்தான் ஆளோட உள்ளுக்குள்ள போயிருக்காங்க." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "வேலை உங்களுக்குத்தான். கடிதம் இப்பவே உங்க போனுக்கு வரும், சம்மதம்னு அமுக்கிட்டா போதும். இன்னிக்கே பண்ணிடுங்க, அவங்க காத்திருக்க மாட்டாங்க."

அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை, பீட்சாவைப் பிடிக்கவில்லை, காலெபின் மோவாயைப் பிடிக்கவில்லை. ஆனால் இதெல்லாம் சில்லறை. எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது தன்னுடைய அந்தக் கைதான், கதவுப் பிடியில் சும்மா கிடந்த கை. குளியலறைக்குப் போய் இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினாள்.

காரில் லாய்டு உற்சாகமாக இருந்தான். காகிதத் தட்டில் இரண்டு துண்டு பீட்சாவை நாப்கினால் மூடி மடியில் வைத்திருந்தான்.

"உனக்குன்னு எடுத்து வெச்சேன். அந்தக் குல்லா பையன் எல்லாத்தையும் தின்னுடுவான் போல இருந்துச்சு."

"எனக்குப் பசிக்கலை."

"உன்னோடது நல்லா போச்சா?"

"போச்சு."

அவன் பனி மூடிய கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "நான் பாத்த பக்கத்துல கீழ ஒரு வரி இருந்துச்சு மார்லா. எவனோ என்னை மாதிரியே முதுகு போனவன் எழுதியிருக்கான். இல்லேன்னா அது எப்படித் தெரியும்? பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டாள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று காதை அறுத்தது. போனும் கையுறையும் காருக்குள்ளேயே இருந்தன, எடுக்கத் திரும்பவில்லை. வெறுங்கையால் சுரண்டியைப் பிடித்துப் பலமாக இழுத்தாள். பனி துருவலாக உதிர்ந்து, லாய்டு உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி அவன் கத்தினான். "உன் போன்ல ஏதோ வந்திருக்கு! வரவேற்கிறோம்னு பெருசா போட்டிருக்கான். பச்சையா ஒரு பட்டன் இருக்கு, அமுக்கட்டுமா?"

"வேற ஏதாவது இருக்கா?"

"என்ன?"

"வேற, லாய்டு. கீழ ஏதாவது இருக்கா பாரு."

சுரண்டிய ஓட்டை வழியாக அவன் முகம் தெரிந்தது. போனை மூக்கருகே கொண்டுபோய், முதுகை வளைத்து, கண்ணை இடுக்கி, அரை மணி நேரம் முன்பு சுவரில் பார்த்த அதே முகம்.

"கீழ சாம்பலா என்னவோ கிடக்கு. படிக்க முடியலை. அமுக்கட்டுமா, வேண்டாமா? சொல்லு, கை விறைக்குது."

அவன் விரல் பச்சைக்கு மேலே தூக்கியபடி நின்றது. மார்லா வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வெள்ளையாக வெளியே வந்து கண்ணாடியில் படிந்தது. ஓட்டையின் ஓரங்களிலிருந்து பனி மறுபடி கட்ட ஆரம்பித்திருந்தது. முதலில் அவன் தாடை மறைந்தது, பிறகு வாய், பிறகு தூக்கிய அந்த விரல்.