மூன்றாவது தேதி

தங்கைக்கு ஆறு வயது. சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிற வியாதி வந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் நிற்கும். குறைத்தால் மறுபடி முகம் வீங்கும். மாத்திரையாலும் கன்னம் உப்பும். இப்போதிருப்பது வியாதி வீக்கமா, மருந்து வீக்கமா என்று எங்களுக்கே தெரியாது. வீட்டில் அவள் பெயர் பூசணி.

மாத்திரையை நிறுத்த வேண்டுமென்றால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். அதனால் காய்ச்சல் இருந்தால் ஏற்ற மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் தேதியில் சளி. இரண்டாவதில் காதுவலி. இன்று மூன்றாவது.

காலை ஆறு மணிக்கு அம்மா ஸ்பூனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூடாத காய்ச்சல் சிரப்.

"லேசாத்தான் சுடுது. நீ அங்க ஒண்ணும் பேசாத" என்றாள்.

நான் எங்குமே பேசுவதில்லை. இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

வார்டில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று தலையாட்டினார். கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே பூசணி கேட்டாள்: "இதப் போட்டா என் மூஞ்சி சின்னதாயிடுமா?"

"ஆயிடும். அப்புறம் உன்ன யாருக்கும் அடையாளமே தெரியாது" என்ற நர்ஸ், அம்மாவிடம் திரும்பினார். "சொட்டு போடறதுக்கு முன்னாடி காய்ச்சல் மருந்து குடுப்போம். வீட்ல ஏதும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

நர்ஸ் சிரப்பை அளந்து ஊற்றத் தொடங்கினார்.

"ஆறு மணிக்குக் குடுத்தோம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நர்ஸ் சிரப்பை மூடி வைத்துவிட்டு, காலையில் கொடுத்ததன் வேகம் இறங்கட்டும் என்று எங்களைக் காத்திருக்க வைத்தார். பத்தரை மணிக்குக் காய்ச்சல் நூற்றொன்று. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், மருந்து எழுதினார். இரண்டு வாரம் கழித்து வர வேண்டும். அதுவரை அதே மாத்திரை.

"அப்ப ஊசி இல்லையா?" பூசணிக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லா இருக்கறவங்களுக்குத்தான் வைத்தியம் பாப்பாங்களாம்" என்றாள் அம்மா, லிஃப்டின் கதவைப் பார்த்து. "வாயே தெறக்காதவளுக்கு இன்னைக்குன்னு பாத்து வாய் வந்துடுச்சு."

பஸ் நிறுத்தத்தில் பூசணி அம்மாவின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

"அடுத்த தடவ நீ வர வேண்டாம்."

சரி என்று தலையாட்டினேன். பஸ் வரவில்லை. கனம் தாங்காமல் அம்மா கையை மாற்றிப் பார்த்தாள், இடுப்பை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் அவளை என்னிடம் கொடுத்தாள். என் கழுத்தில் பட்ட கன்னம் கொதித்தது.