வாட்டர் வில்லா தயாளன்

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் தயாளனைப் பணக்காரன் என்று நம்பாத ஒரே ஆள் தயாளன்தான். நம்புகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. படப்பைப் பக்கம் தாத்தா காலத்து நிலம் கிடக்கிறது. அதற்காகப் பங்காளிகள் கோர்ட்டில் கிடக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு சிமென்ட் கம்பிக் கடையும் மாடி போர்ஷன் வாடகையும்தான். ஆனால் வெள்ளை வேட்டி, கழுத்தில் செயின், வாயைத் திறந்தால் கோடி. அப்படிப்பட்ட மனுஷன் காதுகுத்து விருந்தில் சாப்பிட்டோமா, மொய் வைத்தோமா என்று வந்திருக்கலாம்.

வந்தானா? கேளம்பாக்கத்திலிருந்து வந்த மச்சினி கோகிலவாணி, மாலத்தீவில் கடல் மேல் கட்டிய வில்லாவில் தங்கிய போட்டோக்களைப் பந்தி முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அவள் அக்கா ஜெயஸ்ரீயின் முகம் சுண்டிப் போயிற்று. பெண்டாட்டி முகம் சுண்டினால் தயாளனுக்குப் பொறுக்காது. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "அடுத்த மாசம் நாங்களும் போறோம். அதே மாதிரி வாட்டர் வில்லா" என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து வில்லாவின் ஒரு நாள் வாடகையைப் பார்த்தபோது பாயசம் தொண்டைக்கு ஏறி வந்தது. அந்தப் பணத்தில் கடைக்கு ஒரு லோடு கம்பி இறக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு தேடித் தேடி, அந்த ஊர் ஜனங்களே குடியிருக்கிற ஒரு தீவில், மலிவான கெஸ்ட் ஹவுஸ் ஒன்றைப் பிடித்தான். அதை ஜெயஸ்ரீயிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கையில், கடைக்கு லோடு அடிக்கும் தீனா தெருமுனையில் பேனர் கட்டிவிட்டான். நீலக் கடல், அதில் ஒரு வில்லா, வில்லா கூரைக்கு மேல் தயாளனும் ஜெயஸ்ரீயும் எலெக்‌ஷனில் நிற்பவர்கள் போலக் கைகூப்பிக்கொண்டு. 'மாலத்தீவு செல்லும் மாமனிதரே, வருக வென்று!'

"இன்னாடா இது, மானத்த வாங்குற?"

"சும்மா இருண்ணா. நம்ம தெருவுல இருந்து மால்தீவ்ஸ் போற மொத ஆளு நீ. வில்லா போட்டோ மட்டும் அனுப்பு, அடுத்த பேனர் ரெடியா கீது."

நாள் பார்த்தது அடுத்த கூத்து. சனிக்கிழமை அஷ்டமி, ஆகாது. வெள்ளிக்கிழமை அமோகம் என்றது தினசரிக் காலண்டர். ராகு காலத்துக்கு முன்னாடியே வாசப்படி தாண்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, விமானம் ஏறி மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இறங்கினார்கள். படகுத்துறையில் ஈ காக்கா இல்லை. அந்த ஊரில் வெள்ளிக்கிழமை லீவு, மலிவு டிக்கெட் படகு ஓடாது என்றார் காவலாளி. நம்ம ஊர் நல்ல நாள் விமானத்தில் கூடவே ஏறி வராது என்பது தயாளனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பீட் போட் இருக்கிறது என்றார்கள். கட்டணத்தைக் கேட்டுவிட்டு சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாங்க, வில்லாக்காரங்களே போட் அனுப்புவாங்களாமே? கோகிலாவுக்கு அனுப்புனாங்களே?" என்றாள் ஜெயஸ்ரீ.

இனி மறைக்க இடமில்லை. சூட்கேஸைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "காசு இல்லன்னா இல்லன்னு சொல்லக் கூடாதா? பொய் சொன்னதுகூடப் போகுது. என் மூஞ்சியையும் சேர்த்துல்ல பேனர்ல போட்டு வெச்சிருக்கீங்க! திரும்பிப் போய் கோகிலா எதிர்ல எப்படி நிப்பேன்?"

"அழாதடி. பக்கத்துத் தீவுல ரிசார்ட் கீதாம். கடைசி நாளு நம்ம கெஸ்ட் ஹவுஸ்லேர்ந்து போட்ல இட்டுனு போவாங்க. வில்லா வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துடலாம். சாப்பாட்டுல மிச்சம் புடிச்சா போதும்."

"எடுத்தே ஆவணும். போட்டோ இல்லாம நான் தாம்பரம் திரும்ப மாட்டேன்" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஜன்னல் இல்லாத ஒரு அறையில் அன்றைய பொழுதைத் தள்ளி, மறுநாள் அஷ்டமியிலேயே தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொண்டுபோன ரைஸ் குக்கரில் மூன்று வேளையும் சோறு. இட்லிப் பொடியும் தக்காளித் தொக்கும் மாற்றி மாற்றி. உலகமே பார்த்து வாயைப் பிளக்கிற அந்த வெள்ளை மணலில் உட்கார்ந்து, லேஅவுட் போட்டால் எத்தனை கிரவுண்டு தேறும், கார்னர் பிட்டு யாருக்குத் தள்ளலாம் என்று தயாளன் கணக்குப் போட்டான். புத்தி எங்கே போகும்? ஜெயஸ்ரீ அவனோடு பேசவில்லை. போட்டோவுக்கென்று கொண்டுவந்த ஆரணிப் பட்டை மட்டும் தினமும் எடுத்து மடிப்பு கலையாமல் பார்த்து வைத்தாள்.

கடைசி நாள் வந்தது. தயாளன் கிளிப் படம் போட்ட புதுச் சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் படகுத்துறையில் நின்றான். படகு வந்துவிட்டது. 'காலை மட்டும் நனைச்சுட்டு வந்துடறேன்' என்று சுடிதாரோடு போன ஜெயஸ்ரீயைக் காணோம். கரையோரம் ஓடிப் பார்த்தால், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"ஏய்! போட் கெளம்புது! பட்டுப் பொடவை கட்ட வேணாமா?"

"நீங்க போய்ட்டு வாங்க."

"நான் மட்டும் போய் யாரை நிக்க வெச்சு எடுக்கறது? போட்டோ வேணாமா உனக்கு?"

"வேணாங்க. இங்க வந்து பாருங்களேன், அலையே இல்ல! என் கால் வெரல் எனக்கே தெரியுது!"

அவள் குரலில் இருந்த சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தயாளனுக்கு ஞாபகமில்லை. படகுக்காரர் ஹாரன் அடித்தார். தீனா, பேனர், கோகிலவாணி, தெரு எல்லாம் கண்முன் வந்து போயின. சிரிக்கட்டும் போங்கடா என்று படகைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, கிளிச் சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். முழங்கால் நனைந்ததும் ஒரு அடி பின்வாங்கினான். மாமனிதர்! இடுப்பளவு வருவதற்குள் முருகனைப் பல தடவை கூப்பிட்டுவிட்டான்.

"கோவளம் போறப்பல்லாம் செருப்பைக் கையில புடிச்சுக்கினு கரையிலேயே நிப்பீங்க. உள்ள போகாத, உள்ள போகாதன்னு கத்துவீங்க" என்றாள் ஜெயஸ்ரீ. "கல்யாணமாயி இன்னிக்குத்தாங்க அதைச் சொல்லல."

பெண்டாட்டி ஆசைப்பட்டது வில்லாவுக்கு என்று நினைத்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும்டி" என்றான். "எனக்குத்தான் பயம்."

"கையக் குடுங்க" என்றாள் ஜெயஸ்ரீ. "இன்னும் ரெண்டடி உள்ள போலாம்."