வாலைக் கட்டமாட்டேன்

தொண்ணூறுகளில் பேய்ப் படம் அலுத்துப்போய், வீட்டுக்குள் மிருகம் புகுந்து ஒரு குடும்பத்தையே கதறடிக்கும் படங்கள் வரிசைகட்டி வந்தன. அப்படி ஒரு படத்துக்குத்தான் நாய்க்காரம்மா தன் நான்கு கறுப்பு நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியவனைப் பார்த்தால் எமனே ஒதுங்கி வழிவிடுவான். அவன் பெயரோ சீனி!

எத்தனையோ வருஷமாகப் படங்களுக்கு நாய் பழக்குகிறாள். திரையில் ஒரு தடவைகூட அவள் பெயர் வந்ததில்லை. இந்தப் படத்தில் தனியாகப் பெயர் போடுவதாக டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான், மாவு மில்லில், தையல் கடையில், தண்ணீர்க் குழாயடியில் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் தம்பட்டம் அடித்துவிட்டாள். ஆசை யாரை விட்டது?

வாடகைக்கு எடுத்த மாடிவீட்டில் வேலை நடந்தது. நாய்கள் ஜன்னலில் பாய்ந்தன, சோபாவைக் கிழித்தன, மாடிப்படியில் அப்பாவாக நடித்தவரை உருட்டித் தள்ளின. எல்லாம் சொன்னபடி நடந்தது. கடைசிக் காட்சியில்தான் வந்தது வினை. சமையலறைக்குள் ஒளிந்திருக்கும் அம்மாமேல் நான்கும் பாய வேண்டும். கதவு உடைந்தது, நாய்கள் புயலாய் வந்தன. சமையலறை வாசற்படியில் சடக்கென்று நின்று, வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

"ஏம்மா, பேய் மாதிரி பாயும்னு பார்த்தா, பந்திக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு!" என்று கத்தினார் டைரக்டர்.

நாய்க்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் அடுப்பங்கரைப் படியை நாய்கள் தாண்டக் கூடாது. உள்ளே நின்று அவளே கூப்பிட்டால்தான் வரும். குட்டியிலிருந்து அப்படித்தான் வளர்த்தாள். கதையில் வரும் அடுப்பங்கரையும் அதுகளுக்கு அடுப்பங்கரைதான் என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுபடி மறுபடி எடுத்தார்கள். நாய்கள் அசையவில்லை. டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

"ரெண்டு நாளைக்குச் சோறு போடாதீங்க. அப்புறம் அந்தப் பொண்ணு மேல கறியைக் கட்டி விடுவோம். பசியில தன்னால பாயும்."

"அது நடக்காது சார்."

"நடக்கலன்னா உங்க பேரும் நடக்காது."

அவளுடைய தம்பி, நாய்களுக்கு வண்டி ஓட்டுகிறவன், அவளைத் தனியே இழுத்துப் போனான். "அக்கா, ரெண்டு நாள்தானே? செத்தா போயிடும்? தெரு பூரா சொல்லி வச்சிருக்க. நாளைக்கு மூஞ்சிய எங்க வச்சுக்குவ?"

"என் மூஞ்சி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீ ரெண்டு நாள் பட்டினி கிடந்து வண்டி ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசுறேன்."

மூன்று வேளையும் ஒரு பிடி பிடிக்கிற தம்பி வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

அவள் நேரே அம்மாவாக நடித்த கதாநாயகியிடம் போனாள். "தங்கச்சி, உன் நைட்டியையும் சவுரியையும் கொஞ்சம் குடு." அந்தப் பெண் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கழற்றிக் கொடுத்தாள்.

நைட்டியையும் சவுரியையும் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி, சமையலறை நடுவில் நின்றாள் நாய்க்காரம்மா. கதவு உடைந்தது. நாய்கள் படியில் நின்றன. அவள் மெல்ல, "வாங்கடா ராசாக்களா, சாப்பிடலாம்" என்றாள்.

ஐயோ, அந்தப் பாய்ச்சலை என்ன சொல்ல! நான்கும் ஒரே தாவாகத் தாவி அவளைத் தரையில் சாய்த்தன. பாத்திரங்கள் உருண்டன. காது, கழுத்து, கன்னம் என்று ஓர் இடம் விடாமல் நக்கின. கூச்சம் தாங்காமல் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அது உயிர் போகிற துடிப்பாகத் தெரிந்தது. விளக்குப் பிடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கட்! பிரமாதம்!" என்று குதித்த டைரக்டர் அடுத்த நொடியே முகம் சுளித்தார். "வாலை ஆட்டுதே! கம்பியால வாலைக் காலோட சேர்த்துக் கட்டுங்க. இன்னொரு தடவை எடுப்போம்."

நாய்க்காரம்மா எழுந்தாள். எச்சில் வழிகிற முகத்தோடு அவர் எதிரில் போய் நின்றாள்.

"கட்டமாட்டேன். எடுத்தது எடுத்ததுதான். என் பிள்ளைங்க வால்ல எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்."

"பேரு வராதும்மா. நல்லா யோசிச்சுக்கோ."

"வராட்டிப் போகட்டும்! அதை வச்சு நாக்கா வழிக்கப் போறேன்?" என்று சவுரியைப் பிடுங்கி அவர் நாற்காலியில் போட்டாள். அன்று மத்தியானம் நாய்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சோறு விழுந்தது.

வாய் அப்படிப் பேசியதே தவிர, மனசு கேட்கவில்லை. படம் வந்த அன்று தெருவே திரண்டு தியேட்டருக்குப் போனபோது, அவள் தம்பிக்குப் பக்கத்தில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். படம் தொடங்கியதும் பெயர்கள் ஓடின. டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது. அவள் பெயர் வரவில்லை. மாவு மில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கதவு உடைந்ததும் தியேட்டரே வீல் என்று அலறியது. பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டார்கள். மூடாத ஒருத்தி பின்வரிசையிலிருந்து கத்தினாள்: "அடியேய், பாருடி! வாலை ஆட்டுதுடி!"

ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, தியேட்டரே கொல்லென்று சிரித்தது. திரையகலத்துக்கு நான்கு வால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"உன் பேரு மட்டும் வரலையேக்கா" என்றான் தம்பி, குரல் உடைந்து.

நாய்க்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? அதோ, ஆடிக்கிட்டு இருக்கு பாரு."