கட்டைவிரல் கிளிக்

என் மவுஸை யாராவது தொட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது. என் வலது ஆள்காட்டி விரல் மடங்காது. போன வருடம் ஆபரேஷன் செய்ததிலிருந்து விறைத்துக்கொண்டு நிற்கிறது. முன்பிருந்த அலுவலகத்தில் இதை வெள்ளந்தியாகச் சொன்னேன். "ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகப் பேசிப் பேசியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் இந்தச் சரக்கு அலுவலகத்தில் சேர்ந்தபோது வாயே திறக்கவில்லை. இறக்குமதியாகும் பூவுக்கும் காய்கறிக்கும் கணினியில் அனுமதி விண்ணப்பம் போடுவதுதான் வேலை. அலுவலகக் கணினியில் நாமாக எந்த மென்பொருளையும் ஏற்ற முடியாது. ஆகவே ஈசூனில் உள்ள எங்கள் வீட்டில் என் மகள் ரோஷினி, பக்கவாட்டில் பொத்தான் உள்ள மவுஸ் ஒன்றை வாங்கி, கட்டைவிரல் படும் பொத்தானை இடது கிளிக்காக மாற்றி, மவுஸுக்குள்ளேயே பதிந்து கொடுத்தாள். விறைத்த விரல் தவறிப்போய் அழுத்திவிடுமே என்று, வழக்கமான இடது பொத்தானை அடியோடு அணைக்கச் சொன்னது நான்தான். வேறு யாராவது பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்றாள். என் மவுஸை எவள் பிடிக்கப்போகிறாள் என்று அவள் வாயை அடைத்தேன்.

மூன்று மாதம் ஓடியது. இன்று புரோபேஷன் எனும் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். மேலாளர் ஹனீன் மாலையில் முடிவு சொல்வார்.

மூன்று மணிக்கு நாற்பது பெட்டி மல்லிகை விமான நிலையத்தில் வந்து இறங்கியது. மூன்றரைக்குள் அனுமதி போகாவிட்டால் நாளை வரை அங்கேயே கிடக்கும். விண்ணப்பத்தை நிரப்பி முடித்திருந்தேன். சரிபார்க்க வந்த ஹனீன், நான் தடுப்பதற்குள் குனிந்து மவுஸைப் பிடித்து 'அனுப்பு' என்பதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"ஹேங் ஆயிடுச்சு லா. ரீஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று கணினியின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

ரீஸ்டார்ட் செய்தால் நிரப்பியது அத்தனையும் போய்விடும். திரும்ப நிரப்ப இருபது நிமிடமாவது ஆகும். மணி மூன்று பத்தொன்பது. நான் பேசாமலிருந்தால் பழி கணினி மேல் போகும். மல்லிகை வாடும், ஆனால் என் வேலை தப்பிக்கும். ஒரு கணம் பேசாமல்தான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"தொடாதீங்க ஹனீன். மவுஸ் நல்லாத்தான் இருக்கு. என் விரல்தான் வேலை செய்யாது."

மவுஸை வாங்கி, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினேன். விண்ணப்பம் போனது. மூன்று இருபத்தாறுக்கு அனுமதி எண் வந்தது.

பிறகு ஹனீன், நான் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த படிவத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். உடல்நலக் குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டிருந்தேன்.

"பொய் சொல்லியிருக்கீங்கக்கா."

"ஆமா. உண்மைய சொன்ன எடத்துல வேலை போயிடுச்சு." குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

ஹனீன் படிவத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"அத அடிச்சிட்டு சரியா எழுதுங்க. நாளைக்கு ஏழு மணிக்கு காய்கறி வருது, லேட் ஆயிடாதீங்க."

மூன்று மாதமாக, விரல் தெரியக்கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் நான். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஹனீன் பார்க்கப் பார்க்க எழுதினேன்.