குடிக்காத கொளஞ்சியப்பன்

"கதை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஆளு ரொம்ப நல்லவனா இருக்கான். நம்புற மாதிரி ஒரு குறை வேணும். குடிக்க வெச்சுடு" என்றார் தங்கதுரை சார்.

கள்ளக்குறிச்சியில் அச்சகம் வைத்திருப்பவர். மாவட்டத்து ஆட்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார். என் முதல் கதை அதில் வந்தே தீர வேண்டும் என்று உயிரைக் கொடுத்து எழுதியிருந்தேன். கதையில் வரும் கொளஞ்சியப்பன் இறந்துபோன என் அப்பா. கூலியை ஏற்றும்வரை ஒருவரும் கரும்பில் கத்தி வைக்கக் கூடாது என்று கச்சிராயபாளையத்தில் ஆட்களைத் தடுத்து நிறுத்தியவர்.

"எங்கப்பா குடிக்க மாட்டாரு சார்."

"கரும்பு வெட்டுற ஆளு குடிக்கலன்னா யாரும்மா நம்புவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் வீட்டு ஆண்கள் குடித்தால் அது விருந்து. எங்கள் ஆட்கள் குடித்தால் பிறவிக் குணம். தாள்களை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். ஊர் வரும்வரை மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கொட்டிவிட்டு, "அப்பாகிட்ட இன்னா குறை இருந்துச்சு, நீயே சொல்லு" என்றேன். என் பக்கம் பேசுவாள் என்றுதான் கேட்டேன்.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"இன்னா குறையா? சாவற வரைக்கும் அந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனாரா? நீதான நடுவுல தூது போய்க்கினு இருந்த."

உண்மைதான். 'உங்கம்மாவச் சோறு போடச் சொல்லு' என்பார். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத ஊர். கூச்சம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"கூலிக்காக அவரு வேலய நிறுத்துனப்ப வூட்ல ஒரு மணி அரிசி இல்ல. நீ பசியில அழுதுகினு கெடந்த. நான் போயி கரும்பு வெட்டுனேன். ஊர நிறுத்துனவன் பொண்டாட்டியே போய்ட்டாளாம், அவருக்கு மானம் போச்சாம். ஊருல அத்தினி பேருகிட்டயும் சிரிச்சிப் பேசுனாரு. குடிச்சிட்டு வந்து நாலு அடி அடிச்சிருந்தாக்கூட மறுநாளு பேசியிருப்பாரு."

தங்கதுரை சார் மேல் இருந்த கோபம் அப்பா மேல் திரும்பியது. என்னையும் கருவியாக்கித்தானே அவளை ஒதுக்கினார்? அன்றே உட்கார்ந்து கதையை மாற்றினேன். முதலாளியிடம் இறங்கி வராத பிடிவாதம்தான் அம்மாவிடமும் இறங்கி வரவில்லை. இரண்டையும் ஒரே மனுஷனாக எழுதினேன். எழுத எழுத ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

படித்து முடித்த தங்கதுரை சாரின் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது? குடிகாரன்னா ஜனங்க பாவம்னு வுட்டுருவாங்க. இந்தாள யாரும் ஏத்துக்க மாட்டாங்க. கடைசியில அந்தம்மா மன்னிச்சுட்டாங்கன்னு ஒரு வரி சேத்துடு. இந்தப் புத்தகத்துலயே போட்டுடறேன்."

"அவங்க இன்னும் மன்னிக்கல சார்" என்று அவர் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.